கணினி கால்பந்து லீக்கில் டிஃபெண்டருக்கு விருது கொடுப்பது எப்படி?

கேள்வி: நண்பர்கள் சேர்ந்து ஃபுட்பால் மேனேஜர் என்ற கணினி விளையாட்டில் ஆன்லைன் லீக் ஒன்று நடத்துகிறோம். சீசன் முடிந்ததும் எல்லா மேனேஜர்களும் ஓட்டுப் போட்டு சிறந்த வீரரைத் தேர்ந்தெடுக்கிறோம். ஒவ்வொரு முறையும் ஸ்ட்ரைக்கரோ விங்கரோதான் வாங்கிக்கொண்டு போகிறார். டிஃபெண்டருக்கென்று தனி விருது வைத்துவிடலாம் என்கிறது ஒரு கட்சி. சராசரி ரேட்டிங் யாருக்கு அதிகமோ அவருக்கே கொடுத்துவிட்டால் சண்டையே இல்லை என்கிறது இன்னொரு கட்சி. எது நியாயம்?

பதில்:

தனி விருது வையுங்கள், தப்பில்லை. ஆனால் அதை ரேட்டிங்கைப் பார்த்துக் கொடுத்தால் பழைய அநியாயத்துக்குப் புதுப் பெயர் வைத்த மாதிரிதான் ஆகும். கணினியில் லீக் நடத்துகிறவர்களிடம் நிஜக் கால்பந்தில் எந்தத் தேர்வுக் குழுவுக்கும் கிடைக்காத ஒரு வசதி இருக்கிறது. ஒரு வீரரை எடுத்துவிட்டு அதே சீசனை மறுபடியும் ஓட்டிப் பார்க்கலாம். விருது விஷயத்தில் அதை யாரும் தொடுவதே இல்லை என்பதுதான் எனக்குப் புரியாத விஷயம். அதைப் பிறகு விளக்குகிறேன். முதலில் டிஃபெண்டர்கள் எங்கே ஏமாற்றப்படுகிறார்கள் என்று பார்த்துவிடுவோம்.

இது உங்கள் நண்பர்களின் ரசனைக் கோளாறு இல்லை. ஆண்டின் சிறந்த கால்பந்து வீரருக்கான பலோன் தோர் விருது 1956லிருந்து கொடுக்கப்படுகிறது. இத்தனை வருடத்தில் டிஃபெண்டர் என்று சொல்லத்தக்கவர்கள் வாங்கியது நான்கே முறை: பெக்கன்பவர் 1972லும் 1976லும், மத்தியாஸ் சாமர் 1996ல், ஃபாபியோ கன்னவாரோ 2006ல். அதிலும் பெக்கன்பவரும் சாமரும் பின்னாலிருந்து பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்திய லிபரோக்கள். வெறும் தடுப்பு வேலைக்காக வாங்கியவர் என்று பார்த்தால் கன்னவாரோ ஒருவர்தான் மிஞ்சுவார். அதற்கும் இத்தாலி உலகக் கோப்பையை வெல்ல வேண்டியிருந்தது. 7 ஆட்டத்தில் 2 கோல்தான் வாங்கினார்கள். ஒன்று சொந்த வீரரே போட்டுக்கொண்டது, இன்னொன்று ஜிதான் அடித்த பெனால்டி. எதிரணி ஓடிவந்து ஆட்டத்தின் ஓட்டத்தில் அடித்த கோல் ஒன்றுகூட இல்லை. இவ்வளவும் செய்தும், அந்த உலகக் கோப்பையின் சிறந்த வீரருக்கான தங்கப் பந்து ஜிதானுக்குத்தான் போனது. கன்னவாரோவுக்கு வெள்ளி. பலோன் தோரில் மற்ற இத்தாலிய டிஃபெண்டர்களான பரேசிக்கு 1989ல் இரண்டாம் இடம், மால்தினிக்கு 1994லும் 2003லும் மூன்றாம் இடம்.

ஏன் இப்படி? கோல் என்பது நடந்த விஷயம், எண்ணிவிடலாம். டிஃபெண்டரின் நல்ல வேலை என்பது நடக்காமல் போன விஷயம். இதற்கு ஒரு காட்சியைச் சொல்கிறேன். 2019 மார்ச் 31, ஆன்ஃபீல்ட், லிவர்பூலும் டாட்டன்ஹாமும் 1-1. ஆட்டம் முடிய சில நிமிடங்களே பாக்கி. டாட்டன்ஹாமுக்கு ஒரு கவுண்டர் அட்டாக் கிடைக்கிறது: பந்தோடு மூஸா சிஸ்ஸோகோ, கூடவே சன் ஹியுங்-மின், எதிரே லிவர்பூல் டிஃபெண்டர் வர்ஜில் வான் டைக் மட்டும். இரண்டு பேருக்கு ஒருவர். வான் டைக் பாயவில்லை, காலை நீட்டவும் இல்லை. சன்னுக்குப் பாஸ் போகும் வழியை மறைத்தபடியே பின்வாங்கிப் பின்வாங்கிப் போகிறார். இருவரில் நன்றாகக் கோல் அடிக்கத் தெரிந்தவர் சன். அவருக்குப் பந்து போகக் கூடாது. சிஸ்ஸோகோ தனக்கு வராத இடது காலால் அடித்துக்கொள்ளட்டும் என்பதுதான் கணக்கு. அவர் அடித்தார், பந்து கம்பத்துக்கு மேலே போனது. கடைசி நிமிடத்தில் டாட்டன்ஹாம் தன் வலையிலேயே போட்டுக்கொண்ட கோலில் லிவர்பூல் 2-1 என்று ஜெயித்தது.

அந்த ஆட்டத்தின் புள்ளிவிவரத் தாளை எடுத்துப் பாருங்கள். அந்த நொடிக்கு வான் டைக் பெயரில் டேக்கிள் (காலிலிருந்து பந்தைப் பறிப்பது) கிடையாது, இன்டர்செப்ஷன் (பாஸை இடைமறிப்பது) கிடையாது, பிளாக்கும் (ஷாட்டை உடலால் தடுப்பது) கிடையாது. சிஸ்ஸோகோ பெயரில் ஒரு ஷாட் இருக்கும், அவ்வளவுதான். அந்த சீசன் முழுக்க பிரீமியர் லீக்கில் வான் டைக்கை ஒருவர்கூடப் பந்தோடு ஏமாற்றித் தாண்டவில்லை. இங்கிலாந்து வீரர்களின் சங்கம் அவரைத்தான் ஆண்டின் சிறந்த வீரராகத் தேர்ந்தெடுத்தது. எதிரே நின்று ஆடுகிறவர்களுக்குத் தெரிகிறது. பத்திரிகையாளர்கள் ஓட்டுப் போடும் பலோன் தோரில் மெஸ்ஸிக்கு 686, வான் டைக்குக்கு 679. ஏழே புள்ளி.

சரி, எண்ணிப் பார்த்தே கொடுப்போம் என்றால் என்ன ஆகும்? அதற்கும் நம் கண்முன் ஒரு பரிசோதனை நடந்தது. நிஜ ஆட்டங்களில் வீரர்கள் செய்வதை வைத்துப் புள்ளி கொடுக்கும் ஃபேன்டஸி பிரீமியர் லீக் விளையாட்டில் பல வருடமாக டிஃபெண்டருக்கு முக்கிய வரும்படி கிளீன் ஷீட்தான்: 60 நிமிடமாவது ஆடி, அணி கோல் வாங்காமலிருந்தால் 4 புள்ளி. தோற்றுக்கொண்டே இருக்கும் அணியில் உயிரைக் கொடுத்து ஆடுகிறவருக்கு ஒன்றும் வராது. இதைச் சரிசெய்ய 2025-26 சீசனில் புது விதி வந்தது. ஒரு ஆட்டத்தில் கிளியரன்ஸ், பிளாக், இன்டர்செப்ஷன், டேக்கிள் எல்லாம் சேர்த்து 10 வந்தால் டிஃபெண்டருக்கு 2 புள்ளி. மிட்ஃபீல்டருக்கும் ஸ்ட்ரைக்கருக்கும் பந்து மீட்பையும் சேர்த்து 12 வர வேண்டும். நல்ல விதிதான், நான் வரவேற்றேன். ஆனால் இதில் யாருக்கு லாபம் என்று பாருங்கள். நாள் முழுக்கத் தன் பெனால்டி பாக்ஸில் முற்றுகைக்குள் நிற்கும் அணியின் சென்டர் பேக்குக்கு, அதாவது நடுவில் நிற்கும் டிஃபெண்டருக்கு. எவர்ட்டனின் ஜேம்ஸ் டார்க்கோவ்ஸ்கி மாதிரி ஆட்களுக்கு 10 சர்வ சாதாரணம். ஆர்சனலின் வில்லியம் சலிபாவுக்கு அது கஷ்டம். காரணம் எளிது: ஆர்சனலிடம்தான் பெரும்பாலும் பந்து இருக்கிறது. எதிரணி வந்தால்தானே தடுக்க முடியும்?

ஆக, கிளீன் ஷீட்டை எண்ணினால் பெரிய அணி டிஃபெண்டருக்கு விருது போகும், டேக்கிளை எண்ணினால் மோசமான அணி டிஃபெண்டருக்குப் போகும். இரண்டிலுமே ஆளை விட்டுவிட்டு அணியைத்தான் அளக்கிறோம்.

இதற்குப் பாதி மருந்து ஒன்று உண்டு, உங்கள் லீக்கில் இன்றைக்கே செய்துவிடலாம். தடுப்பு வேலைகளை அப்படியே கூட்டாமல், எதிரணியிடம் பந்து இருந்த அளவுக்குச் சரிசெய்து பாருங்கள். உதாரணத்துக்கு, ஒருவர் ஆட்டத்துக்குச் சராசரியாக 4 தடுப்பு வேலை செய்கிறார். அவர் அணியோடு மோதுகிறவர்களுக்கு 35 சதவீதம்தான் பொசெஷன் கிடைக்கிறது. இன்னொருவர் 8 செய்கிறார். அவருடைய எதிரணிகளுக்கு 60 சதவீதம். இருவருக்கும் 50 சதவீதம் என்று வைத்துக் கணக்கிட்டால் முதலாமவருக்கு 5.7, இரண்டாமவருக்கு 6.7. இரண்டு மடங்காகத் தெரிந்தது வெறும் 1 வித்தியாசமாகக் குறைந்துவிட்டது. இது தோராயக் கணக்குதான், ஆனாலும் வெறும் கூட்டலை விட எவ்வளவோ மேல். கிளியரன்ஸை இதில் சேர்க்காதீர்கள் என்பது என் கட்சி. பந்தை எடுத்து வெளியே உதைப்பது பல நேரம் திறமையைக் காட்டுவதில்லை, நெருக்கடியைத்தான் காட்டுகிறது.

கோல்கீப்பரையும் டிஃபெண்டரையும் பிரித்துவிடுங்கள். 2018-19ல் லிவர்பூல் கீப்பர் அலிசனுக்கு 21 கிளீன் ஷீட், தங்கக் கையுறை அவருக்குப் போனது. அதில் வான் டைக்கின் பங்கு எவ்வளவு, அலிசனின் பங்கு எவ்வளவு? எக்ஸ்ஜி, அதாவது ஒவ்வொரு ஷாட்டும் கோலாக எவ்வளவு வாய்ப்பு என்று பார்த்துக் கூட்டும் கணக்கு, இதற்குத்தான் உதவும். எதிரணிக்கு எத்தனை வாய்ப்பு, எவ்வளவு தரமான வாய்ப்பு கிடைத்தது என்பது டிஃபென்ஸின் பொறுப்பு. கிடைத்த வாய்ப்பு கோலானதா இல்லையா என்பது பெரும்பாலும் கீப்பரின் பொறுப்பு. ஃபுட்பால் மேனேஜரின் புதிய பதிப்புகளில் இரண்டுமே திரையில் கிடைக்கின்றன. டிஃபெண்டர் விருதுக்கு அணி வாங்கிய கோலைப் பார்க்காமல் அணி எதிரணிக்கு விட்டுக்கொடுத்த எக்ஸ்ஜியைப் பாருங்கள். கோல் கணக்கைக் கீப்பர் விருதுக்கு வைத்துக்கொள்ளலாம்.

இப்போது ரேட்டிங். மேட்ச் எஞ்சின், அதாவது ஆட்டத்தை ஓட்டும் நிரல், ரேட்டிங் போடுவது பெரும்பாலும் சம்பவங்களை வைத்து: கோல், அசிஸ்ட், முக்கியமான ஹெட்டர், முக்கியமான டேக்கிள், தவறு. எதிரணி ஒன்றுமே செய்ய முடியாத ஒரு மாலையில் உங்கள் சென்டர் பேக் 7க்குச் சற்று முன்பின்னாக முடிப்பார். அதே ஆள் அடுத்த வாரம் ஒரு கார்னரில் தலையால் ஒரு கோல் போட்டால் ரேட்டிங் எகிறிவிடும். சீசன் கடைசியில் சராசரி ரேட்டிங்கில் முதலில் நிற்கும் டிஃபெண்டர்களை எடுத்துப் பார்த்தால், பாதிப் பேர் கார்னரில் கோல் போடுகிறவர்கள், மீதிப் பேர் அசிஸ்ட் (கோலுக்கான பாஸ்) கொடுக்கும் ஃபுல் பேக்குகள், அதாவது ஓரத்தில் ஆடும் டிஃபெண்டர்கள். 2018-19 லிவர்பூலில் டிரெண்ட் அலெக்ஸாண்டர்-ஆர்னால்ட் லீக்கில் 12 அசிஸ்ட், ஆண்டி ராபர்ட்சன் 11. பிரமாதம். ஆனால் அதற்காகச் 'சிறந்த டிஃபெண்டர்' விருதை அவர்களிடம் கொடுத்தால் மறுபடியும் அட்டாக்குக்குத்தான் விருது கொடுத்திருக்கிறோம். டிஃபெண்டர் விருதில் கோலும் அசிஸ்டும் கணக்கில் வரக் கூடாது என்று எழுதி வைத்துவிடுங்கள். அவை பொது விருதில் தாராளமாக வரட்டும்.

இனி நான் முதலில் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன்.

நிழலின் அருமை வெயிலில்தான் தெரியும் என்பார்கள். டிஃபெண்டர், டிஃபென்சிவ் மிட்ஃபீல்டர் விஷயத்தில் அது அப்படியே உண்மை. நிஜக் கால்பந்தில் இதற்குக் கிட்டத்தட்ட ஒரு பரிசோதனை நடந்திருக்கிறது. டிஃபென்சிவ் மிட்ஃபீல்டர் என்கோலோ கான்டே 2015-16ல் லெஸ்டரில் இருந்தார். லெஸ்டர் பிரீமியர் லீக் சாம்பியன், வாங்கியது 36 கோல். அவர் செல்சிக்குப் போனார். 2016-17ல் லெஸ்டர் 63 கோல் வாங்கி 12ஆம் இடம். செல்சி 2015-16ல் 53 கோல் வாங்கி 10ஆம் இடத்தில் இருந்த அணி. கான்டே வந்த வருடம் 33 கோல்தான், சாம்பியன். அந்த வருடம் வீரர்கள் சங்க விருதும் கால்பந்து எழுத்தாளர்கள் விருதும் இரண்டுமே அவருக்குக் கிடைத்தன. ஒரே ஆள், அடுத்தடுத்த வருடம், இரண்டு அணி, இரண்டு பட்டம்.

பார்க்க அழகான கணக்கு. ஆனால் இதிலும் ஓட்டை இருக்கிறது. அதே வருடம் செல்சிக்கு ஆன்டோனியோ கோன்டே புது மேனேஜராக வந்தார், சீசன் ஓடும்போதே மூன்று சென்டர் பேக் முறைக்கு மாறினார். ஐரோப்பியப் போட்டி எதுவும் அந்த அணிக்கு இல்லை, வாரம் முழுக்க ஓய்வும் பயிற்சியும். லெஸ்டரோ முதல் முறையாகச் சாம்பியன்ஸ் லீக் ஆடியது. அதன் மேனேஜர் ரனியேரியைப் பாதியில் அனுப்பிவிட்டார்கள். இதில் எத்தனை கோல் என்கோலோ கான்டேவுடைய கணக்கு என்று யாராலும் சொல்ல முடியாது. காலத்தைத் திருப்பி, மற்ற எல்லாவற்றையும் அப்படியே வைத்து, அவரை மட்டும் எடுத்துவிட்டுப் பார்க்க முடியாது.

உங்களால் முடியும். சீசன் தொடக்கத்தில் லீக் கோப்பின் நகல் ஒன்றை எடுத்து வையுங்கள். சீசன் முடிந்து, ஓட்டெடுப்பில் கடைசி மூன்று டிஃபெண்டர்கள் நின்றதும், அந்த நகலை ஒருவர் தன் கணினியில் திறந்து, எல்லா அணியையும் உதவி மேனேஜர் கையில் விட்டு ஹாலிடேயில் (விளையாட்டு தானாகவே ஓடும் முறையில்) ஓட்ட வேண்டும். முதலில் அந்த வீரர் இருக்கும்போது. பிறகு அவரைச் சீசன் முழுக்க வேறு நாட்டு லீக்குக்குக் கடனாக அனுப்பிவிட்டு. இரண்டுக்கும் அணி விட்டுக்கொடுத்த எக்ஸ்ஜியில் வரும் வித்தியாசம்தான் அவருடைய மதிப்பு. உங்கள் நிஜ சீசனின் எண்ணோடு இதை ஒப்பிடாதீர்கள். அதில் நீங்கள் கையால் போட்ட டாக்டிக்ஸ் இருக்கிறது, இதில் உதவி மேனேஜரின் டாக்டிக்ஸ். ஓட்டியதை ஓட்டியதோடுதான் ஒப்பிட வேண்டும்.

இரண்டு இடத்தில் இது காலை வாரும்.

ஒன்று, அதிர்ஷ்டம். சீசனுக்கு 40 கோல் வாங்கும் அணி, எதுவுமே மாறாமல் மறுபடி ஓட்டினாலும் 34லிருந்து 46 வரை எங்கே வேண்டுமானாலும் வந்து நிற்கும். ஒரு தடவை மட்டும் ஓட்டிவிட்டு 'அவர் இல்லாமல் 5 கோல் கூடியது' என்றால் அதற்கு அர்த்தமே இல்லை. இருபது தடவை அவரோடு, இருபது தடவை அவர் இல்லாமல் ஓட்டிச் சராசரி எடுத்தால் அந்த ஏற்ற இறக்கம் 2 கோல் அளவுக்கு அடங்கும். எக்ஸ்ஜியை வைத்துப் பார்த்தால் இன்னும் கொஞ்சம் அடங்கும். அப்போதும் இருவருக்கு இடையே ஒரு கோல் வித்தியாசம் வந்தால் அதைச் சமம் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். மூன்று பேருக்கு இப்படி ஓட்டுவதென்றால் நேரம் பிடிக்கும்தான். இரவில் கணினியை விட்டுவிட்டுத் தூங்கப் போகலாம். அதனால்தான் கடைசி மூன்று பேருக்கு மட்டும் என்கிறேன்.

இன்னொன்று கொஞ்சம் நுணுக்கமானது, பலர் கவனிக்காமல் விடுவது. அவரை எடுத்தால் அவர் இடத்தில் யார் வருகிறார்? ஒரு அணியின் பெஞ்சில் நல்ல சென்டர் பேக் உட்கார்ந்திருந்தால் வித்தியாசம் சின்னதாகத்தான் தெரியும். இன்னொரு அணியில் பெஞ்சில் 17 வயதுப் பையன். வித்தியாசம் பயங்கரமாக இருக்கும். இப்படியே விட்டால் விருது நல்ல டிஃபெண்டருக்குப் போகாமல், பெஞ்சை ஒழுங்காக வாங்கத் தெரியாத மேனேஜரின் டிஃபெண்டருக்குப் போய்விடும். அதனால் மூன்று பேரின் இடத்திலும் ஒரே தரத்து ஆளை வையுங்கள். லீக்கில் இருக்கும் சென்டர் பேக்குகளில் நடுத்தரமான ஒருவரைத் தேர்ந்தெடுத்து, அவரையே மூன்று அணிக்கும் மாற்றாகக் கொண்டுவந்து ஓட்டினால் போட்டி சமமாகிவிடும்.

இன்னொரு எச்சரிக்கை. மறு ஓட்டம் அந்த வீரரின் திறமையை அளக்கிறது. அந்த சீசனில் அவர் நிஜமாக என்ன செய்தார் என்பதை இல்லை. காயத்தில் பாதி சீசன் உட்கார்ந்திருந்தவர் மறு ஓட்டத்தில் 38 ஆட்டமும் ஆடி ஜொலிப்பார். ஆகவே முதல் வடிகட்டல் நடந்த சீசனை வைத்துத்தான்: குறைந்தது 25 ஆட்டம், எதிரணிப் பொசெஷனுக்குச் சரிசெய்த எண்கள், கோலுக்கு வழிவிட்ட தவறுகள். மறு ஓட்டத்தைக் கடைசிச் சுற்றில் ஒரு சாட்சியாக மட்டும் வையுங்கள், தீர்ப்பை மேனேஜர்களே சொல்லட்டும். வீரரின் விவரத் திரையில் மார்க்கிங் (எதிராளியை ஒட்டி நின்று காப்பது) திறன் 18 என்று போட்டிருக்கிறது என்பதற்காகக் கொடுக்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அந்த எண்ணைத் திரையில் மறைத்துவிட்டு ஓட்டெடுப்பு நடத்துவது நல்லது.

தனி விருது விஷயத்தில் என் தயக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கக் கால்பந்தில், என்எஃப்எல்லில், சிறந்த தடுப்பு வீரருக்கு 1970களின் தொடக்கத்திலிருந்தே தனி விருது உண்டு. கௌரவமான விருதுதான். ஆனால் பொது விருதை, அதாவது லீக்கின் மிக மதிப்புள்ள வீரர் என்பதை, வாங்கிய தடுப்பு வீரர்கள் இரண்டே பேர்: ஆலன் பேஜ் 1971ல், லாரன்ஸ் டெய்லர் 1986ல். பிறகு அது கிட்டத்தட்ட, பந்தை எறிந்து அட்டாக்கை நடத்தும் குவார்ட்டர்பேக்கின் விருதாகிவிட்டது. 'உங்களுக்குத்தான் தனியாக ஒன்று இருக்கிறதே' என்ற நினைப்பு ஓட்டுப் போடுகிறவர் மனதில் தானாக வந்துவிடும். உங்கள் லீக்கிலும் அதுதான் நடக்கும்.

அதைத் தடுக்க, பொது விருதின் ஓட்டுச் சீட்டை மாற்றுங்கள். வெறும் பெட்டியைக் கொடுத்து 'ஒரு பெயர் எழுதுங்கள்' என்றால் எல்லோரும் கோல் பட்டியலைத் திறந்து முதல் பெயரை எழுதுவார்கள். அதற்குப் பதில் ஒவ்வொரு வரிசையிலிருந்தும் மும்மூன்று பேரைச் சீட்டிலேயே போட்டு, ஒன்றிலிருந்து ஐந்து வரை வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். டிஃபெண்டருக்கு இடஒதுக்கீடு மாதிரி ஓட்டு விதி வைக்க வேண்டாம். பெயர் கண்ணில் பட்டாலே போதும், ஐந்தாம் இடமாவது போடுவார்கள், அது சேர்ந்துகொண்டே வரும். சொந்த அணி வீரருக்கு ஓட்டுப் போடக் கூடாது என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை.

டிஃபென்சிவ் மிட்ஃபீல்டர் எந்த வரிசை என்று கட்டாயம் சண்டை வரும். மிட்ஃபீல்டர் வரிசையில் விட்டால், கோல் வாய்ப்பு உருவாக்கும் பத்தாம் நம்பர்களுக்கு நடுவே காணாமல் போவார்கள். டிஃபென்சிவ் மிட்ஃபீல்டர் ரோட்ரி 2024ல் பலோன் தோர் வாங்கியதை வைத்து அவர்களுக்குப் பொது வரிசையே போதும் என்று யாராவது வாதாடலாம். நான் ஏற்க மாட்டேன். சீசனில் பாதிக்கு மேல் எந்த இடத்தில் ஆடினாரோ அதை வைத்து, டிஃபெண்டர் விருதிலேயே சேர்த்துவிடுங்கள்.

ஓட்டெடுப்பை எப்போது மூடுவது என்பதும் முக்கியம். 2002 உலகக் கோப்பையில் தங்கப் பந்து ஜெர்மனி கீப்பர் ஒலிவர் கானுக்குப் போனது. அதை வாங்கிய ஒரே கீப்பர் அவர்தான். இறுதி ஆட்டத்துக்கு முன்பே ஓட்டு முடிந்திருந்தது. இறுதி ஆட்டத்தில் ரிவால்டோ அடித்த பந்தை அவர் கைநழுவ விட, ரொனால்டோ ஓடிவந்து முதல் கோலைப் போட்டார். ஓட்டு அதற்குப் பிறகு நடந்திருந்தால், ஆறு ஆட்டத்தில் ஒரே ஒரு கோல் வாங்கியதை மறந்து அந்த ஒரு நழுவலைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருப்பார்கள். டிஃபெண்டருக்கும் கீப்பருக்கும் கடைசி ஆட்டத்துத் தவறு அப்படித்தான் ஒட்டிக்கொள்ளும். ஸ்ட்ரைக்கர் கடைசி ஆட்டத்தில் மூன்று வாய்ப்பை வீணடித்தால் யாரும் கண்டுகொள்வதில்லை. உங்கள் லீக்கில் 19ஆவது வாரம் ஒரு ஓட்டு, சீசன் முடிவில் ஒரு ஓட்டு என்று பிரித்து வைத்து இரண்டையும் கூட்டினால் போதும்.